காலிக் கூடை காலியாகவே இருக்குமா? பைத்தான் டிஃபால்ட் மதிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு டீக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லித்தருகிறேன். கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள், சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது மலைக் கிராமங்களிலிருந்து, சிறு தேயிலை விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், கொழுந்து ஏஜென்டிடம் கணக்கு எழுதுகிற இரண்டு பேரும் உண்டு. எங்கே தொடங்கினாலும் மூன்றாவது வாரம் எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்: ஃபங்ஷனில் டிஃபால்ட்டாக எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டிக் கை வலித்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். டெஃப் (ஃபங்ஷனைத் தொடங்கும் சொல்), ரிட்டர்ன், இஃப், நன் ('ஒன்றுமில்லை' என்ற மதிப்பு) போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களைக் கணினியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். நீங்கள் வைக்கும் பெயர்கள் தமிழில் இருக்கலாம். பைத்தான் 3 அதை ஒப்புக்கொள்ளும்.

அண்ணா, டிஃபால்ட் ஆர்கியூமென்ட்னா கொடுக்காம விட்டா தானா வர்ற மதிப்புதானே?

அதேதான். கொழுந்தைச் சாக்கோடு நிறுத்தால் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும். பெரும்பாலும் அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் 0.5 என்று தட்டாமல் இருக்க இப்படி எழுதுகிறோம்:

    டெஃப் நிகர_எடை(மொத்தம், சாக்கு=0.5):
        ரிட்டர்ன் மொத்தம் - சாக்கு

24 கிலோவை மட்டும் கொடுத்தால் 23.5 வரும். யாராவது கனமான கூடையில் கொண்டுவந்தால் சாக்கு=1.5 என்று சேர்த்துக் கொடுக்கலாம், 22.5 வரும். இதில் ஒரு ஆபத்தும் இல்லை. ஆபத்து அடுத்த கேள்வியில் ஆரம்பிக்கிறது.

காலி லிஸ்ட்தானே வச்சேன்? ஒருத்தர் எடை எப்படி இன்னொருத்தர் சீட்டுல வருது?

இந்தத் தப்பை நானே செய்து, ஒரு ஏஜென்டின் கொட்டகையில் ஒரு வாரம் மாட்டிவிட்டிருக்கிறேன். நான் எழுதியது இது ([] என்பது காலி லிஸ்ட், அதாவது காலிப் பட்டியல்; அப்பெண்ட் அதன் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும்):

    டெஃப் கொழுந்து_சேர்(எடை, பட்டியல்=[]):
        பட்டியல்.அப்பெண்ட்(எடை)
        ரிட்டர்ன் பட்டியல்

முதலில் வந்த அக்காவுக்கு 18.5 கிலோ. பட்டியலில் 18.5 மட்டும். சரி. அடுத்து வந்தவருக்கு 22. அவர் பட்டியலில் 18.5, 22 என்று இரண்டு எண்கள். இன்னும் வேடிக்கை, அக்காவின் பட்டியலைத் திரும்பத் திறந்து பார்த்தால் அதிலும் 22 ஏறியிருந்தது. இரண்டு பேருக்கும் தனித்தனிப் பட்டியல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் இருந்தது ஒன்றே ஒன்று. கொட்டகை வாசலில் பொதுக்கூடை ஒன்று தொங்குகிறது, கூடை கொண்டுவராதவர்கள் எல்லோரும் அதிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் அதைக் காலி செய்வதில்லை.

ஒரு வாரம் ஏன் தெரியவில்லை என்றால், அது ஐப்பசி மழைக்காலம். கொட்டகையில் யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன பழைய கணினி. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை கரண்ட் போகும், வரும், நிரல் புதிதாக ஆரம்பிக்கும், கூடையும் புதிதாகிவிடும். மழை விட்டு ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இருந்தபோதுதான் சாயம் வெளுத்தது.

அப்போ அந்த லிஸ்ட் எப்போ உருவாகுது? ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இல்லையா?

இல்லை. டெஃப் என்ற வரியைப் பைத்தான் ஓட்டும்போது, ஒரே ஒரு முறை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். பைத்தானில் டெஃப் வெறும் அறிவிப்பு அல்ல, அதுவும் ஓடுகிற ஒரு கட்டளைதான். அது ஓடும்போது ஃபங்ஷன் என்ற பொருள் பிறக்கிறது. சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதை அப்போதே கணக்கிட்டு, கிடைத்த மதிப்பை அந்தப் பொருளோடு கட்டி வைத்துவிடுகிறது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஃபங்ஷன் பெயருக்குப் பின் ஒரு புள்ளி, இரண்டு அடிக்கோடு, டிஃபால்ட்ஸ், மறுபடி இரண்டு அடிக்கோடு என்று அடித்துப் பாருங்கள். கட்டி வைத்த மதிப்புகள் ஒரு டியூப்பிளாக (மாற்ற முடியாத வரிசையாக) வரும். கொழுந்து_சேர் ஃபங்ஷனை இரண்டு தடவை கூப்பிட்ட பிறகு மறுபடி பாருங்கள். உள்ளே இருக்கும் லிஸ்ட் வளர்ந்திருக்கும். வகுப்பில் இதைக் காட்டும்போதுதான் பின் வரிசையிலிருந்து "ஓ" என்று சத்தம் வரும்.

அப்படின்னா எந்த டைப்பைப் பயமில்லாம வைக்கலாம்?

உருவான பிறகு மாறாதவற்றை. இன்ட், ஃப்ளோட், ஸ்ட்ரிங், பூலியன், நன், பைட்ஸ், ஃப்ரோசன்செட், எனம் உறுப்புகள், டெசிமல். டியூப்பிளும் இந்தக் கூட்டம்தான், ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு, கீழே வருகிறது. லிஸ்ட், டிக்‌ஷனரி, செட், பைட்அர்ரே, நீங்களே எழுதிய கிளாஸின் பொருள் ஆகியவை கூடாது.

எண் மட்டும் ஏன் தப்பிக்கிறது என்று கேட்பார்கள். ஃபங்ஷனுக்குள் சாக்கு += 1 என்று எழுதினால் பழைய 0.5 மாறுவதில்லை, 1.5 என்ற புதிய எண் உருவாகி, சாக்கு என்ற பெயர் அதன்மேல் போய் உட்காருகிறது. கட்டி வைத்த 0.5 அப்படியே இருக்கும். லிஸ்டில் += போட்டால் அதே லிஸ்ட்தான் நீளும். குறி ஒன்று, நடப்பது வேறு.

மாறாத டைப்புன்னா போதுமா? கிலோ விலையை டிஃபால்ட்டா வச்சிடலாமா?

வைக்காதீர்கள். ஃப்ளோட்டோ டெசிமலோ, டைப் என்ற அளவில் பாதுகாப்பானதுதான். ஆனால் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிறது. போன மாத விலை டிஃபால்ட்டாக உள்ளே உட்கார்ந்திருந்தால், புது விலையைக் கொடுக்க மறந்த அன்று நிரல் முனகக்கூட முனகாது. பழைய விலையில் பில் போட்டுத் தந்துவிடும். டிஃபால்ட் இல்லாமல் விட்டால் மறந்தவுடன் டைப்எர்ரர் வந்து மூஞ்சியில் அடிக்கும். அடிக்கட்டும். மறந்தால் காசு போகும் இடத்தில் டிஃபால்ட்டே வேண்டாம் என்பது என் கட்சி.

சரி, லிஸ்ட் வேணும்னா என்னதான் எழுதறது?

டிஃபால்ட்டாக நன் வையுங்கள், உள்ளே போய்ப் புதுக் கூடை எடுத்துக்கொள்ளுங்கள்:

    டெஃப் கொழுந்து_சேர்(எடை, பட்டியல்=நன்):
        இஃப் பட்டியல் ஈஸ் நன்:
            பட்டியல் = []
        பட்டியல்.அப்பெண்ட்(எடை)
        ரிட்டர்ன் பட்டியல்

உள்ளே இருக்கும் வரிகள் ஒவ்வொரு கூப்பிடுதலிலும் ஓடும், அதனால் ஒவ்வொரு முறையும் புதிய லிஸ்ட். நன் என்பது நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்றுதான். அதனால் இரட்டைச் சமக்குறி வேண்டாம், ஈஸ் போதும், அதுதான் வழக்கமும்.

ரெண்டு வரி எதுக்கு? 'பட்டியல் = பட்டியல் ஆர் []'ன்னு ஒரே வரியில முடிச்சா?

ஆர் பார்ப்பது நன்னா என்று அல்ல, வெறுமையா என்று. காலி லிஸ்ட், சுழியம், காலி ஸ்ட்ரிங், ஃபால்ஸ் எல்லாமே அதற்கு ஒன்றுதான். ஒருவர் தன் சொந்தக் கூடையைக் காலியாகக் கொண்டுவந்து நீட்டுகிறார். நீங்கள் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு கூடையில் கொட்டுகிறீர்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் கூடை காலி.

எண்ணில் இது இன்னும் மோசம். சாக்கு டிஃபால்ட்டை நன் என்று வைத்து, உள்ளே சாக்கு ஆர் 0.5 என்று எழுதினான் ஒரு பையன். சாக்கு இல்லாமல் நேராகத் தட்டில் கொட்டி நிறுத்தவர்களுக்கு அவன் சரியாகத்தான் 0 கொடுத்தான். ஆர் அதை வெறுமை என்று நினைத்து 0.5-ஆக மாற்றியது. ஆளுக்கு அரைக் கிலோ போனது. பயிற்சிக் கணக்குதான், அதனால் சிரித்துவிட்டோம்.

டியூப்பிள் மாறாதுன்னு சொன்னீங்க. என்னோடது மாறிடுச்சே?

உள்ளே லிஸ்ட் வைத்திருப்பீர்கள். டியூப்பிள் தன்னிடம் எந்தெந்தப் பொருள் இருக்கிறது என்பதைத்தான் மாற்ற விடாது. அந்தப் பொருள் தனக்குள் மாறுவதை அது தடுக்க முடியாது. பூட்டிய அலமாரிக்குள் பால் திரிந்துபோவது மாதிரி. ஹாஷ் என்ற ஃபங்ஷனில் டியூப்பிளைக் கொடுத்துப் பாருங்கள். உள்ளே லிஸ்ட் இருந்தால் பிழை வரும், வெறும் எண்ணும் ஸ்ட்ரிங்கும் என்றால் ஓர் எண் வரும்.

நான் லிஸ்டை மாத்தவே மாட்டேன், படிக்க மட்டும்தான் செய்வேன். அப்பவும் கூடாதா?

இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் ஒரு அப்பெண்ட் சேர்ப்பார், அல்லது நீங்களே அந்த லிஸ்டை ரிட்டர்ன் செய்வீர்கள், வாங்கியவர் அதில் எதையாவது போடுவார். படிக்க மட்டும் என்றால் காலி டியூப்பிளை வையுங்கள். ஃபார் சுற்றில் அதுவும் லிஸ்ட் மாதிரியே ஓடும், யாராவது அப்பெண்ட் செய்யப் போனால் உடனே பிழை காட்டும். டைப் ஹின்ட்டில் (எந்த டைப் வரும் என்று எழுதும் குறிப்பில்) லிஸ்ட் என்று போடாமல் சீக்வென்ஸ் என்று போட்டால் பொருந்திவிடும்.

ரசீதுல நேரம் வர டேட்டைம் நவ் வச்சேன். எல்லா ரசீதுலயும் காலை 7.10ன்னே விழுதே?

காலையில் நிரலைத் திறந்தது 7.10-க்கு, இல்லையா? மேலே மூன்றாவது கேள்வியில் சொன்னதுதான்: வலப்பக்கம் ஒரு முறைதான் கணக்கிடப்படும். டேட்டைம் பொருள் மாறாத வகைதான், அதனால் நாலாவது கேள்வியின் பட்டியலை வைத்துப் பார்த்தால் இது தேறிவிடும். கோளாறு டைப்பில் இல்லை, அடைப்புக்குறி போட்டு ஒரு ஃபங்ஷனை அந்த இடத்தில் கூப்பிட்டதில் இருக்கிறது. தற்செயல் எண், புதிய ஐடி, ஃபைலைத் திறப்பது எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நன் வைத்து உள்ளே நவ் கேளுங்கள்.

நன்னே ஒரு சரியான பதிலா இருந்தா? கொடுக்கலையா, நன்னுன்னு கொடுத்தாங்களான்னு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, கேட்டது பிளஸ் டூ படிக்கிற பெண். விவசாயியின் போன் எண்ணைத் திருத்தும் ஃபங்ஷன் என்று வையுங்கள். போனைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் பழைய எண் இருக்கட்டும். நன் என்று கொடுத்தால் எண்ணை அழித்துவிடு. இங்கே நன் என்பதற்கு வேலை இருக்கிறது, அதையே டிஃபால்ட்டாக வைத்தால் இரண்டும் கலந்துவிடும்.

ஃபைலின் மேலே _தரவில்லை = ஆப்ஜெக்ட்() என்று ஒரு வெற்றுப் பொருளை உருவாக்கி, அதை டிஃபால்ட்டாக வையுங்கள். உள்ளே போன் ஈஸ் _தரவில்லை என்று பாருங்கள். அதைப் போல இன்னொன்று உலகத்தில் இல்லை என்பதால் குழப்பம் வராது. ஒரே பொருளைப் பகிர்வது இங்கே மட்டும் நமக்கு உதவி, ஏனென்றால் அதில் மாறுவதற்கு ஒன்றுமே இல்லை.

என் லேப்டாப்ல நல்லா ஓடுது, சர்வர்ல மட்டும் எப்பவாவது தப்பு வருது. இதுவும் அதானா?

பெரும்பாலும் அதுவே. லேப்டாப்பில் ஃபைலை சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் டெவலப்மென்ட் சர்வர் தானாகப் புதிதாக ஆரம்பிக்கிறது. என் கொட்டகையில் கரண்ட் போனதற்குச் சமம். உண்மையான சர்வரில் நிரல் நாள்கணக்கில் ஓடும். அதிலும் ஒரே நிரலின் நான்கைந்து பிரதிகள் வொர்க்கர்களாக ஓடும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பொதுக்கூடை. உங்கள் கோரிக்கை எந்த வொர்க்கரிடம் போகிறதோ அதைப் பொறுத்து விடை மாறும். ஒரு தடவை சரி, ஒரு தடவை தப்பு, பக்கத்தைப் புதுப்பித்தால் மறுபடி சரி. டேட்டாபேஸைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் வீணாவது இப்படித்தான்.

டெஸ்ட்டுகளிலும் இதே வாடை அடிக்கும். தனியாக ஓட்டினால் பாஸ், எல்லாம் சேர்த்து ஓட்டினால் ஃபெயில் என்றால் முதலில் டிஃபால்ட்டுகளைப் பாருங்கள்.

டேட்டாகிளாஸ்ல காலி லிஸ்ட் போட்டா பைத்தானே திட்டுதே?

டேட்டாகிளாஸ் என்பது தரவை வைக்கும் கிளாஸைச் சுருக்கமாக எழுதப் பைத்தான் தரும் வசதி. அங்கே மட்டும் காவல் வைத்திருக்கிறார்கள். 2018-ல் பைத்தான் 3.7-உடன் டேட்டாகிளாஸ் வந்தபோதே லிஸ்ட், டிக்‌ஷனரி, செட் மூன்றையும் நேராக வைத்தால் வேல்யூஎர்ரர் வரும்படி செய்துவிட்டார்கள். 3.11 முதல் விதி கொஞ்சம் விரிந்தது: ஹாஷ் செய்ய முடியாத எதுவும் கூடாது. அதற்குப் பதில் ஃபீல்டு என்பதில் டிஃபால்ட்_ஃபேக்டரி=லிஸ்ட் என்று எழுத வேண்டும். லிஸ்ட் என்ற பெயரை மட்டும் கொடுக்கிறோம், அடைப்புக்குறி இல்லாமல். தேவைப்படும்போது அது கூப்பிட்டுக்கொள்ளும்.

காவலையும் தாண்டி வருவது உண்டு. நீங்கள் எழுதிய சாதாரண கிளாஸின் பொருளை ஹாஷ் செய்ய முடியும், அதனால் உள்ளே ஆயிரம் மாறினாலும் டேட்டாகிளாஸ் வாய் திறக்காது. தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் என்ற நூலகத்தில் பழகியவர்களுக்கு வேறு சிக்கல். அது காலி லிஸ்டைப் பார்த்தால் ஒவ்வொரு பொருளுக்கும் தானே நகல் எடுத்துக்கொள்ளும், தப்பு நடக்காது. அந்தக் கைப்பழக்கத்தோடு சாதாரண ஃபங்ஷனுக்கு வந்தால் வழுக்கும்.

டைப் ஹின்ட்ல லிஸ்ட்னு போட்டுட்டு டிஃபால்ட் நன் வைக்கலாமா?

ஓடும், ஆனால் பொய். பைத்தான் 3.10 முதல் லிஸ்ட் என்று எழுதி, செங்குத்துக் கோடு போட்டு, நன் என்று சேர்க்கலாம்; அதற்கு முந்தைய பதிப்பில் ஆப்ஷனல். டைப் ஹின்ட்டுகளைச் சரிபார்க்கும் மைபை என்ற டூல் ஒரு காலத்தில் இந்தப் பொய்யைக் கண்டுகொள்ளாமல் விட்டது, 2022-ல் வந்த 0.990 பதிப்பிலிருந்து விடுவதில்லை.

ட்ரூ, ஃபால்ஸ் மாறாததுதானே, அதுல என்ன பயம்?

மதிப்பில் பயமில்லை, கூப்பிடும் இடத்தில்தான் புரியாது. பில்_போடு(22, ட்ரூ, ஃபால்ஸ்) என்று பார்த்தால் எது ஈரக்கழிவு (ஈரத்துக்காகக் கழிப்பது), எது முன்பணம் என்று யாருக்குத் தெரியும்? டெஃப் வரியின் அடைப்புக்குள் வரும் பெயர்களின் (அளபுருக்களின்) நடுவே ஒரு நட்சத்திரக் குறியைப் போடுங்கள். அதற்குப் பின் வருபவற்றைப் பெயர் சொல்லித்தான் கொடுக்க முடியும். மழைநாள் கொழுந்துக்கு ஈரக்கழிவு=ட்ரூ என்று எழுதியிருந்தால் சண்டை வந்தாலும் பதில் சொல்லலாம்.

பட்டன் செய்யும்போது லாம்டாவுல ஊர்=ஊர்னு எழுதச் சொன்னீங்க. அதுவும் டிஃபால்ட்தானே, அது மட்டும் ஏன் சரி?

கோடநாடு, கட்டபெட்டு, அரவேணு என்று மூன்று ஊருக்குச் சுற்று போட்டு மூன்று பட்டன் செய்தோம், எதை அழுத்தினாலும் அரவேணு என்றே வந்தது, நினைவிருக்கிறதா? லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) ஊர் என்ற பெயரை அழுத்தும் நேரத்தில்தான் தேடுகிறது. அதற்குள் சுற்று கடைசி ஊரில் போய் நின்றுவிட்டது. ஊர்=ஊர் என்று எழுதினால், லாம்டா பிறக்கும் நொடியில் இருந்த மதிப்பு கட்டி வைக்கப்படுகிறது. நம்மைக் கவிழ்த்த அதே குணம், இங்கே நாம் கேட்டுப் பெறுவது.

போட்ட கணக்கைத் திரும்பப் போடாமல் இருக்க, டிஃபால்ட் டிக்‌ஷனரியில் விடைகளைச் சேமிக்கும் பழைய வித்தையும் உண்டு. இப்போது தேவையில்லை. பைத்தானோடே வரும் ஃபங்க்டூல்ஸில் எல்ஆர்யூ கேஷ் 3.2-லிருந்தும், வெறும் கேஷ் 3.9-லிருந்தும் இருக்கின்றன.

இதையெல்லாம் கண்டுபிடிச்சுத் தர டூல் இல்லையா?

இருக்கின்றன. காலி லிஸ்ட் டிஃபால்ட்டுக்குப் பைலின்ட் என்ற டூலில் டபிள்யூ0102 என்ற எச்சரிக்கை, ஃப்ளேக்8-க்கான பக்பேர் சேர்க்கையில் பி006. டேட்டைம் நவ் மாதிரி டிஃபால்ட்டில் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பி008. ரஃப் என்ற வேகமான டூலிலும் இதே எண்கள்தான், ஆனால் அதன் அமைப்பில் பி வரிசையைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். ஃபாஸ்ட்ஏபிஐ எழுதுகிறவர்களுக்கு டிபெண்ட்ஸ் என்று டிஃபால்ட்டில் வைக்கும் இடமெல்லாம் பி008 கூவும். அந்த ஃப்ரேம்வொர்க் அப்படி எழுதவே இடம் கொடுக்கிறது, அதனால் அங்கே பயப்பட வேண்டாம். அனோடேட்டட் முறைக்கு மாறினால் கூச்சலும் நிற்கும்.

இவ்வளவு பேர் விழறாங்கன்னா பைத்தானே ஏன் சரி பண்ணல?

ஒவ்வொரு கூப்பிடுதலிலும் டிஃபால்ட்டைப் புதிதாகக் கணக்கிட்டால் தினமும் லட்சம் தடவை ஓடும் ஃபங்ஷனுக்கு அது வீண்சுமை. லாம்டா வித்தை மாதிரி இதை நம்பி எழுதிய நிரல்கள் வேறு ஏராளம். 2021-ல் கிறிஸ் ஏஞ்சலிகோ என்பவர் பெப் 671 என்ற முன்மொழிவை வைத்தார்: சமக்குறிக்குப் பதில் ஓர் அம்புக்குறி போட்டால் கூப்பிடும்போது கணக்கிடலாம் என்று. 3.13 வரையிலான பதிப்புகளில் அது இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை, இரண்டு வரிதானே.

பழைய கோட்ல நாப்பது இடத்துல காலி லிஸ்ட் இருக்கு. எதை முதல்ல மாத்தறது?

பி006-ஐ ஓட்டிப் பட்டியல் எடுங்கள். அதில் அப்பெண்ட், எக்ஸ்டெண்ட், அப்டேட், +=, அல்லது சதுர அடைப்பு போட்டு மதிப்பு வைப்பது எந்த ஃபங்ஷனில் இருக்கிறதோ அதை இன்றைக்கே மாற்றுங்கள். பிறகு அந்த லிஸ்டை ரிட்டர்ன் செய்பவை, செல்ஃபில் (பொருளுக்குள்ளேயே) சேமிப்பவை. இனிட்டில் (கிளாஸின் பொருள் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷனில்) செல்ஃப்.பட்டியல் = பட்டியல் என்று இருந்தால் எல்லாப் பொருளுக்கும் ஒரே கூடை என்று அர்த்தம். படிக்க மட்டும் செய்பவை கடைசிக்குப் போகட்டும், அவற்றுக்குக் காலி டியூப்பிள் போதும்.

ஒவ்வொன்றையும் மாற்றியதும், நிரலை மூடாமல் அதே ஃபங்ஷனை இரண்டு தடவை அடுத்தடுத்து கூப்பிட்டுப் பாருங்கள். முதலில் 18.5, பிறகு 22. இரண்டாவது விடையில் 22 மட்டும் நின்றால் அடுத்த ஃபைலைத் திறக்கலாம்.